கயிறு விலையில் சேராது

குலுக்கலில் முதல் சீட்டு நமக்கு விழுந்தது.
அஞ்செட்டிப் பையன். லிங்கேஷ். பத்தொன்பது வயது.
ஆறடி ஆறங்குலம்.
நமக்காக இன்னும் ஒரு பந்துகூடப் போடவில்லை.
அதற்குள்
ராயக்கோட்டை மேம்பாலத்தின் அடியில்
அவனை மூன்று முறை விற்றுவிட்டோம்.

முதல் வியாபாரம் திம்மராயன் பேசியது:
"ஓசூருக்குத் தள்ளு.
அங்க ரெண்டு பேர் இருக்கானுங்க,
கோட்டுக்கு வெளிய நின்னு கண்ணை மூடிப் போட்டாலும் மூணு பாயிண்ட்.
அடுத்த வருஷத்து முதல் சீட்டையும் சேர்த்துக் கேளு."
அடுத்த வருஷம் என்னும்போது
அவன் குரல் எப்போதும் கொஞ்சம் நனைந்துவிடும்.
பதினொரு வருஷமாக நாங்கள்
அடுத்த வருஷம்தான் கோப்பை வாங்குகிறோம்.

அப்சல் பாய் பஞ்சர் பார்ப்பதை நிறுத்தவில்லை.
ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி,
குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"ஓட்டம் பழக்கலாம். குறி பழக்கலாம்.
உயரத்தை எந்தக் கோச்சுப்பா வந்து சொல்லிக் கொடுப்பான்?"

எலத்தகிரி ரெஜினா நைட் டூட்டிக்குப் போகிற வழி.
ஸ்கூட்டரை அணைக்காமலே நோட்டைத் திறந்தாள்.
"ஃப்ரீ த்ரோ இருபத்தொண்ணு. உள்ள போனது ஒன்பது.
உயரம் கூரையைத் தொடலாம், பந்து வளையத்தைத் தொடணுமே.
தர்மபுரி சென்டரைக் கேளுங்க."
"அவனுக்கு முட்டியில ரெண்டு ஆபரேஷன்."
"முட்டியிலதானே."

மூன்றாவது வியாபாரம் என்னுடையது.
வேலூர். கொஞ்சம் ரொக்கம். ஒரு பழைய வேன்.
அதைப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

முனிவெங்கடனுக்குப் பொறுக்கவில்லை.
வெள்ளிதோறும் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு.
"வாயால பேசுறது வியாபாரமாடா?"
தோள் துண்டை உதறிக் கைமேல் போட்டான்.
"விரலைப் பிடி."
துண்டுக்குள் திம்மராயன் கை நுழைந்தது.
ஒரு விரலுக்கு ஓர் ஆள்.
மடக்கிய விரல் முட்டி ஆபரேஷன் ஆனவன்.
சுண்டுவிரலைச் சுரண்டினால் அடுத்த வருஷத்துச் சீட்டு.
நாங்கள் ஏழு பேரும்
துணிக்கு மேலே எழுந்து அடங்கும் மேடுகளைப் பார்த்தபடி
மூச்சுவிடாமல் நின்றோம்.
மேலே கிரானைட் லாரி ஒன்று போனது.
பாலம் நடுங்கி முடிந்ததும்
"முடிஞ்சது" என்றான் முனிவெங்கடன்.
"ஆனா கயிறு விலையில சேராது.
மாட்டைக் கொடுத்தாலும் கயிறு நம்ம வீட்டுக்குத் திரும்பணும்."

"இதுல கயிறு எதுண்ணே?"

யாரும் பதில் சொல்லவில்லை.
அப்சல் பாய் மட்டும் தலையைத் தூக்கி
சொல்யூஷன் டப்பாக்களுக்கு மேல்தட்டைப் பார்த்தார்.
பதின்மூன்றாம் நம்பர் ஷூ, பெட்டி பிரிக்காமல்.
கிருஷ்ணகிரியில் கிடைக்கவில்லை, சேலத்தில் சிரித்தார்கள்,
பெங்களூரில் ஒரே ஒரு ஜோடி இருந்தது.
அதில் என் மாங்கூழ் பேக்டரி ஓவர்டைம் நான்கு நாள்,
ரெஜினாவின் தீபாவளிச் சேலை,
திம்மராயன் பங்கில் பாதி இன்னும் பாக்கி.
ஆள் எடுத்த அன்று பையன் ஆடியது
முனையை பிளேடால் வெட்டிவிட்ட ஷூவில்.
பத்து விரலும் வெளியே நின்று
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஓசூர்க்காரன் காலுக்கு நம்ம ஷூவா?"
கத்தியது திம்மராயன். விற்றவன்.
"ஓசூருக்குப் போனா கால் மாறிடுமா?" என்றாள் ரெஜினா.
"அவன் கால்தான். பதின்மூணுதான்."
மணி பார்த்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

பெட்டியை இறக்கினோம்.
அளவு பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டோம்.
ஆளுக்கொரு தரம், வலது மட்டும்.
என் முறை வந்தபோது
குதிகாலுக்குப் பின்னால்
முனிவெங்கடனின் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது.
உள்ளே இன்னும் யாரும் ஓடாத வாசனை.
நான் கொஞ்ச நேரம் கழற்றவில்லை.

காகிதத்தை மடித்து, மூடி, மேல்தட்டில் வைத்து,
அப்சல் பாய் ட்யூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினார்.
ஓட்டை இன்னும் அகப்படவில்லை.

"சரி," என்றான் திம்மராயன்,
"திருப்பத்தூருக்குன்னா?"